நாலு மாகாணம், ஒவ்வொண்ணும் அஞ்சில் ஒரு பங்கு: அயர்லாந்தின் தீராத கணக்கு

மொபைல்ல அயர்லாந்து தீவோட மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு இதைப் படிங்க. அந்தத் தீவு முழுக்க ஒரே நாடு கிடையாது. வடகிழக்கு மூலையில் இருக்கிற வட அயர்லாந்து, பிரிட்டனின் ஆட்சியில் இருக்கு. மீதி எல்லாம் அயர்லாந்து குடியரசு. பேச்சுவழக்கில் அதை 'தெற்கு'ன்னு சொல்றவங்க நிறைய.

இப்போ தீவோட வடக்குக் கோடி முனை எதுன்னு தேடிப் பாருங்க. மாலின் ஹெட்னு ஒரு இடம் வரும். அது வட அயர்லாந்தில் இல்லை. 'தெற்கு'ல இருக்கு!

மாலின் ஹெட் இருப்பது டோனிகால் கவுண்டியில். கவுண்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. டோனிகால் பழைய அல்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்தது. செய்திகளில் அல்ஸ்டர், வட அயர்லாந்து ரெண்டையும் ஒரே அர்த்தத்தில் மாத்தி மாத்திப் பயன்படுத்துவாங்க. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னாடி ஆயிரம் வருஷத்துக்கு மேல நீளும் ஒரு கதை இருக்கு.

அந்த அஞ்சாவது எங்கே?

முதல்ல அடிப்படை. அயர்லாந்தின் பாரம்பரிய மாகாணங்கள் நாலு. வடக்கே அல்ஸ்டர், 9 கவுண்டி. கிழக்கே லென்ஸ்டர், 12. தெற்கே மன்ஸ்டர், 6. மேற்கே கொனாக்ட், 5. மொத்தம் 32 கவுண்டி.

ஐரிஷ் மொழியில் மாகாணத்துக்கு 'கூயிகே'ன்னு பேர். அதுக்கு நேரடி அர்த்தம் 'அஞ்சில் ஒரு பங்கு'. இருக்கிறது நாலு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் பேர் அஞ்சில் ஒண்ணு. கூட்டினா அஞ்சில் நாலு பங்குதான் வருது. மீதி ஒரு பங்கு எங்கே போச்சு?

பொதுவா சொல்லப்படும் பதில், மீத். அந்தப் பேருக்கே 'நடு'ன்னுதான் அர்த்தம். அயர்லாந்தின் பேரரசர்களோடு சேர்த்துப் பேசப்படும் டாரா குன்று அங்கேதான் இருக்கு. அதுக்கு மேற்கே உஷ்னா என்ற இன்னொரு குன்று. அங்கே கிடக்கும் ஒரு பெரிய பாறைக்குப் 'பிரிவுகளின் கல்'னு பேர். மாகாணங்கள் எல்லாம் சந்திக்கும் இடம் அதுதான் என்பது மரபு.

ஆனா இந்தப் பதிலும் முடிவானது இல்லை. அஞ்சாவது மீத் இல்லை, மன்ஸ்டரைத்தான் ரெண்டாகப் பிரித்து எண்ணணும்னு சொன்ன மரபும் உண்டு. இடைக்காலக் கதை ஒண்ணில், வெள்ளப் பிரளயத்திலிருந்து தப்பிப் பல தலைமுறை வாழ்ந்த ஃபின்டன் என்பவர் நாட்டை எப்படிப் பிரிக்கணும்னு விளக்குகிறார். மேற்குக்குக் கல்வி, வடக்குக்குப் போர், கிழக்குக்குச் செழிப்பு, தெற்குக்கு இசை, நடுவுக்கு அரசாட்சி.

இதைப் படிச்சா ஒண்ணு புரியும். அஞ்சு பங்கு என்பது சர்வேயர் அளந்து போட்ட எல்லை இல்லை. ஒரு நாடு முழுமையாக இருக்க என்னென்ன வேணும்னு யோசித்தவர்கள் மனசில் வரைந்த மேப்.

நிஜத்தில் எப்படி இருந்தது?

தரையில் இருந்த நிலைமை வேற. சின்னச் சின்ன அரசுகள் நூற்றுக்கும் மேல இருந்தன. ஒரு அரசன் பலமானா அவன் மாகாணம் பெருக்கும், தோத்தா சுருங்கும். இதுக்கு அல்ஸ்டரே நல்ல உதாரணம். உலாத் என்ற மக்களின் பேரில் இருந்துதான் அல்ஸ்டர் என்ற பேர் வந்தது. ஆனா ஆரம்ப இடைக்காலத்திலேயே ஓ நீல் வம்சத்தின் முன்னோர் உள்ளிட்டவர்கள் அவங்களைக் கிழக்கே தள்ளிட்டாங்க. உலாத் அரசு இன்றைய ஆன்ட்ரிம், டவுன் பகுதிக்குள் ஒடுங்கிடுச்சு. பிறகு அதே பேர் வடக்கு முழுவதற்கும் விரிந்தது. அதாவது, 'அல்ஸ்டர்னா எது வரைக்கும்?' என்ற சண்டை இருபதாம் நூற்றாண்டில் முளைச்ச புதுச் சண்டை இல்லை.

அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர் மூணும் ஒரே மாதிரி முடியுதே, கவனிச்சீங்களா? டப்ளின், வாட்டர்ஃபோர்ட், லிமெரிக் நகரங்களை உருவாக்கிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி, ஐரிஷ் பேர்களோடு கலந்ததால் வந்த சாயல் அது. கொனாக்ட் மட்டும் அதில் தப்பிச்சிடுச்சு.

கவுண்டி வந்தது, நாலு ஆனது

1166ல் லென்ஸ்டர் அரசன் டெர்மட் மக்மரோ பதவியை இழந்து நாட்டை விட்டுத் துரத்தப்பட்டார். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியிடம் போய் உதவி கேட்டார். 1169ல் நார்மன் வீரர்கள் வந்து இறங்கினாங்க. 1171ல் ஹென்றியே நேரில் வந்தார். ஒரு மாகாண அரசன் தன் நாற்காலியைத் திரும்பப் பிடிக்கப் போட்ட பிளான், தீவின் தலையெழுத்தையே மாத்திடுச்சு.

ஆங்கிலேயர்கள் தங்கள் நிர்வாகத்துக்காகக் கவுண்டிகளை உருவாக்க ஆரம்பிச்சாங்க. டப்ளின் முதலில் வந்தவற்றில் ஒண்ணு. கடைசியாக வந்த விக்லோ உருவானது 1606ல். இடையில் நானூறு வருஷம்! எந்த இடம் அவர்கள் கட்டுப்பாட்டுக்குள் வருதோ, அங்கே கவுண்டி வரும். அப்புறம் இந்தக் கவுண்டிகளை மாகாண வாரியாகத் தொகுத்தாங்க. மீத் லென்ஸ்டரோடு சேர்ந்தது. அஞ்சாவது பங்கு அப்படித்தான் மறைஞ்சது.

தொகுக்கும்போது இழுபறியும் நடந்தது. பழைய அல்ஸ்டரோடு இருந்த லௌத், லென்ஸ்டருக்குப் போனது. மன்ஸ்டரின் கிளேர் பகுதி பதினாறாம் நூற்றாண்டில் கொனாக்ட்டோடு சேர்க்கப்பட்டு, பதினேழாம் நூற்றாண்டில் திரும்பி வந்தது. மேப்பில் ஷானன் நதியைப் பாருங்க. கிளேர் ஏன் ரெண்டு பக்கமும் இழுபட்டதுன்னு தெரியும். நதிக் கணக்குப்படி அது மேற்கு, வரலாற்றுக் கணக்குப்படி அது தெற்கு.

பதினேழாம் நூற்றாண்டில் மாகாணப் பேர்கள் வேறு கனம் ஏறிக்கிட்டன. 1607ல் அல்ஸ்டரின் கத்தோலிக்கத் தலைவர்கள் நாட்டை விட்டுக் கப்பல் ஏறினாங்க. 1609 முதல் அவர்கள் நிலங்களில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்களைக் குடியேற்றும் திட்டம் நடந்தது. 1650களில் குரோம்வெல் ஆட்சி, கத்தோலிக்க நில உடைமையாளர்களை ஷானனுக்கு மேற்கே தள்ளியது. கொனாக்ட் என்ற பேரே, நிலம் பறிபோனவங்களைத் துரத்திவிடும் இடம்னு ஆனது.

9 எப்படி 6 ஆனது?

இப்போ மாலின் ஹெட் கேள்விக்கு வருவோம். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதா வந்தபோது, அல்ஸ்டரின் புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்டுகள் கடுமையாக எதிர்த்தாங்க. 1912 செப்டம்பர் 28ல், ஒன்றாக நின்று எதிர்ப்போம்னு உறுதிமொழியில் கையெழுத்து போட்டாங்க. பெண்களுக்குத் தனிப் பத்திரம். ரெண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4.7 லட்சம் பேர். டோனிகால், கேவன், மோனகன் கவுண்டிகளில் இருந்தவர்களும் அதில் உண்டு.

அடுத்து வந்தது தலைக்கணக்கு. 9 கவுண்டியும் சேர்ந்த அல்ஸ்டரில் புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை மெல்லியது. அந்த மூணு கவுண்டியை விட்டுட்டா, மீதி ஆறில் மூணில் ரெண்டு பங்கு அவங்க. யூனியனிஸ்ட் தலைமை ஆறுக்கு ஒத்துக்கிட்டது. 1920 சட்டத்தின்படி 1921ல் வட அயர்லாந்து உருவானது. ஆன்ட்ரிம், டவுன், ஆர்மா, டெரி, டிரோன், ஃபெர்மானா. இதில் டிரோன், ஃபெர்மானாவில் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். அவங்க விருப்பத்தையும் யாரும் கேட்கலை.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கேவனில் இருந்த ஒரு யூனியனிஸ்ட், 'ஒன்றாக நிற்போம்'னு 1912ல் கையெழுத்து போட்டவர். எட்டு வருஷத்தில் அவருடைய ஆட்களே அவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டாங்க. டிரோனில் இருந்த ஒரு கத்தோலிக்கர், தான் கேட்காத ஒரு நாட்டின் குடிமகன் ஆனார். பழைய மாகாண எல்லையைப் பின்பற்றியிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காதுதான். ஆனா போட்ட கோடு அந்த எல்லையும் இல்லை, மக்கள் விருப்பமும் இல்லை. எவ்வளவு நிலத்தைப் பெரும்பான்மையோடு தக்க வச்சுக்க முடியும் என்ற கணக்கு. 1925ல் எல்லை ஆணையத்தின் முயற்சியும் அதை மாத்தாமலே முடிஞ்சது.

இந்தப் பின்னணி தெரிஞ்சா, வட அயர்லாந்தை 'அல்ஸ்டர்'னு சொன்னால் அங்கே சிலர் முகம் ஏன் சுருங்குதுன்னு புரியும். ஆறை ஒன்பதுன்னு சொல்ற மாதிரி அவங்களுக்கு.

அதிகாரம் இல்லாத எல்லை

இன்னைக்கு இந்த நாலு மாகாணங்களுக்கும் சொந்த அரசு கிடையாது, தலைநகரம் கிடையாது, வரி வசூல் கிடையாது. ஆனா விளையாட்டில் உயிரோட இருக்கு. தொழில்முறை ரக்பியில் அயர்லாந்தின் நாலு அணிகள் நாலு மாகாணங்களின் பேரில்தான். அரசியல் எல்லை வந்தபோதும் ரக்பி சங்கம் பிரியலை. ரெண்டு பக்க வீரர்களும் ஒரே அயர்லாந்து அணியில் ஆடறாங்க. ஐரிஷ் பாரம்பரிய கால்பந்தில் அல்ஸ்டர்னா இன்னமும் 9 கவுண்டி. அதன் இறுதிப் போட்டி பல வருஷம் நடந்த க்ளோன்ஸ் ஊர் மோனகனில், எல்லைக்கு ஒட்டி இருக்கு. டிரோன், ஆர்மா ரசிகர்கள் தங்கள் மாகாண ஃபைனலைப் பார்க்க இன்னொரு நாட்டுக்குள் போவாங்க!

இங்கேயும் கோடு நேராக இல்லை. கொனாக்ட்டின் கால்வே, ஹர்லிங் விளையாட்டில் 2009 முதல் லென்ஸ்டர் போட்டியில் ஆடுது. கொனாக்ட் கால்பந்துப் போட்டியிலோ லண்டனும் நியூயார்க்கும் ஆடுது. பிழைப்புக்காகக் கடல் கடந்த ஐரிஷ் மக்கள் அமைத்த அணிகள் அவை.

மேப்பில் ஒரு கோட்டைப் பார்த்தால், அது எப்பவும் அங்கேயே இருந்ததுன்னு நமக்குத் தோணும். அயர்லாந்தின் ஒவ்வொரு கோட்டையும் யாரோ, ஏதோ ஒரு கணக்குக்காகப் போட்டாங்க. அதிகாரத்துக்காகப் போட்ட கோடு ஜனங்களைப் பிரிச்சது. அதிகாரம் போன பழைய கோடுதான் இன்னைக்கு எல்லை தாண்டி அவங்களை ஒரே கேலரியில் உட்கார வைக்குது. அடுத்த தடவை செய்தியில் 'அல்ஸ்டர்'னு வந்தால், ஆறா ஒன்பதான்னு ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க. சொல்றவர் எந்தக் கணக்கில் பேசுகிறார்னு தெரிஞ்சிடும்.