பத்தாம் வகுப்பும் கடவுச்சீட்டும்: வெளிநாடு செல்லும் தொழிலாளர் 'சட்டவிரோதி' ஆவது எங்கே?

2018 ஜனவரியில் ஒன்றிய வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பிரிவினருக்கு இனி ஆரஞ்சு நிற உறையிட்ட கடவுச்சீட்டு வழங்கப்படும் என்பதே அது. மற்றவர்களுக்கு வழக்கமான நீல நிறம் தொடரும். குறைவாகப் படித்தவரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் ஏற்பாடு இது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாத இறுதியிலேயே திட்டம் கைவிடப்பட்டது. நிறம் போயிற்று; பிரிவினை போகவில்லை. கடவுச்சீட்டுக்குள் அது அச்செழுத்தாக இன்றும் இருக்கிறது.

'ஈ.சி.ஆர்.' என்று ஊரில் சொல்லப்படும் அந்தக் குறிப்பின் வேர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தில் உள்ளது. சவூதி அரேபியா, குவைத், ஓமன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இக்குறிப்புள்ள கடவுச்சீட்டோடு வேலைக்குச் செல்பவர், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர், வருமான வரி செலுத்துபவர், 50 வயதைக் கடந்தவர், மூன்றாண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. விலக்குப் பட்டியலை நிதானமாகப் படித்தால், எஞ்சுபவர் யார் என்பது விளங்கும். பள்ளியைப் பாதியில் விட்டுக் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போன, வரி செலுத்துமளவு வருமானமில்லாத இளைஞர். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழியாகச் சான்றிதழ் அமைந்துவிடுகிறது.

இந்த அனுமதி முறையை முழுவதும் தீமை என்று தள்ளிவிட முடியாது. முறைப்படி நடந்தால், முகவர் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் ஊதியம் எவ்வளவு என்பவை 'இ-மைகிரேட்' இணையதளம் வழியாகச் சரிபார்க்கப்படும். இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டணத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. வட்டிக்கு வாங்கியும் நகையை விற்றும் அதைப்போலப் பல மடங்கு கொடுத்தவர்களுக்கு இந்த வரம்பு இருப்பதே தெரியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சட்டம் பாதுகாப்பை வேலையோடு இணைக்கவில்லை, சான்றிதழோடு இணைத்தது. ஒரே தளத்தில் கம்பி கட்டும் இருவரில் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அனுமதியும் தேவையில்லை, ஒப்பந்தச் சரிபார்ப்பும் இல்லை. தேறாதவருக்கோ அனுமதி தேவை என்பதால், முகவர் குறுக்குவழி காட்டுகிறார்: விசிட் விசா. சுற்றுலாப் பயணியாகத் திரும்பும் பயணச்சீட்டோடு புறப்பட்டால் குடிபெயர்வு அனுமதி கேட்கப்படாது. அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி. மாற்றம் நடக்காத நாளில் அவர் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. இந்திய அரசின் பதிவேட்டிலோ அவர் தொழிலாளியே அல்லர். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் மோசம். ஈ.சி.ஆர். பிரிவில் 30 வயது நிரம்பாத பெண்ணுக்கு அவ்வேலைக்கான அனுமதியே கிடையாது. பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்பட்ட தடை, வறுமையை நிறுத்தவில்லை, பயணத்தை மறைவாக்கியது.

அனுமதியோடு போனவரும் தப்பிவிடுவதில்லை. வளைகுடாவின் கஃபாலா முறையில் தொழிலாளியின் தங்கும் உரிமை முதலாளியின் கையில் இருக்கிறது. சவூதியில் இகாமா எனும் அடையாள அட்டைக்கும், அதன் புதுப்பித்தலுக்கும், தாமத அபராதத்துக்கும் முதலாளியே பொறுப்பு என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. அவர் புதுப்பிக்காவிட்டால் வீதியில் பிடிபடுபவர் தொழிலாளியே. ஊதியம் கேட்டவர்மீது 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று புகார் பதிவானால், அதுவரை சட்டப்படி இருந்தவர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதியை நீக்கியது. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைப்படுத்தியது. சவூதியும் 2021இல் வேலை மாற்றத்தைத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர்கள் அதற்குள் வரவில்லை. நம் ஊர்ப் பெண்கள் அதிகம் செல்வது அந்த வேலைக்குத்தான்.

இடையில் ஒன்று. சாதிப் பெயரைத் துறந்து, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்வது தமிழ்நாட்டின் பெருமை. ஆனால் குடும்பப் பெயர் எங்கே என்றுதான் அயல்நாட்டுப் படிவங்கள் கேட்கின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுகளுக்கு நுழைவு மறுத்தபோது, தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும்போதே முதலெழுத்தை விரித்து எழுதுவது நல்லது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது, காலனியில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செய்யக்கூடிய வேலை.

முகவரின் பதிவு எண்ணை இ-மைகிரேட்டில் தேடிப் பார்ப்பதும் அப்படியே. கொடுத்த பணத்துக்கு ரசீது, ஒப்பந்தத்தின் நகல், விசாவின் வகை ஆகிய மூன்றும் புறப்படுமுன் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதில் பதிவுசெய்ய இடைத்தரகர் தேவையில்லை. அங்கே போனபின் ஊதியம் நின்றாலோ கடவுச்சீட்டு பறிக்கப்பட்டாலோ, தூதரகத்துக்கு 'மதத்' இணையதளம் வழியாகப் புகார் அனுப்பலாம். ஊரிலிருந்து உறவினரும் அனுப்பலாம்.

பதிவில்லாத முகவர்மீது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்படலாம். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: புலம்பெயர்ந்தவரோ, புறப்பட இருந்தவரோ, அவர் சார்பில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. புகார் மனுவின் முதல் பத்தியிலேயே இப்பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.