சட்டகத்துக்கு வெளியே ஒரு சாலை
(நிலமும் நிழற்படமும் – 9)

பினாங்கிலிருந்து கேமராவோடு காடு தேடிப் போகிறவர்களுக்கு வழி ஏறத்தாழ ஒன்றுதான். பாலத்தைத் தாண்டி, கூலிம், பாலிங் பக்கமாகக் கிரிக் சேர்ந்து, அங்கிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் செம்பனை மறைந்து மலை எழும்பும். விடியற்காலையில் பண்டிங் தீவில் நின்றால் தெமெங்கோர் ஏரி பனிக்குள் கிடக்கும். தண்ணீரிலிருந்து கிளையில்லாத கரிய மரங்கள் தனித்தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றின் உச்சியில் பறவை வந்து உட்கார்ந்துவிட்டால் படம் தயார். ‘மனிதக் கைபடாத காடு’ என்ற வரியோடு அது கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றும். அந்த மரங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1970களில் அணை கட்டி ஆற்றை மறித்தபோது நின்ற நிலையிலேயே மூழ்கிச் செத்த மரங்கள் அவை. ஏரி என்பது மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். படமெடுப்பவர் வந்து இறங்கியதோ 1982-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையின் ஓரத்தில். கைபடாதது என்று சொல்ல அந்தப் படத்தில் மிஞ்சுவது பனி மட்டும்தான்.

காட்டுப் படம் என்று நாம் சேர்த்துவைப்பவற்றில் பெரும்பாலானவை சாலை எடுத்துக் கொடுத்த படங்கள். சாலையை மட்டும் ஓரத்தில் கத்தரித்துவிடுகிறோம். இந்தக் கத்தரிப்பு இன்று நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் பத்து மாதம் தங்கி, தீவையும் எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லஸ்லி மாகாணத்தையும் படம் பிடித்தார். அந்தக் காலத்து முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக்குள் கொண்டுபோய்க் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ஆகவே இருட்டறைக் கூடாரமும் புட்டிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் கேமராவின் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. பாதை எட்டிய தூரம்தான் படமும் எட்டியது. அவருக்கு அச்செடுத்துக் கொடுத்து உதவியாளர்களாக இருந்தவர்கள் இரண்டு மதராஸ்காரர்கள் என்று தாம்சனே எழுதியிருக்கிறார். பாதையைப் போலவே அவர்களும் படத்துக்கு வெளியே நின்றவர்கள். அழகுக்காக ஒன்றை ஒதுக்கும்போது உழைப்பும் வரலாறும் சேர்ந்தே ஒதுங்கிவிடுகின்றன.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கிரிக்-ஜெலி சாலையிலேயே விடை இருக்கிறது. சாலைக்கு வடக்கே 2007-இல் அரசிதழில் வந்த ராயல் பெலும் மாநிலப் பூங்கா, 117,500 ஹெக்டர். தெற்கே தெமெங்கோர் ஒதுக்குக் காடு. அங்கே உரிமம் பெற்று மரம் வெட்டலாம். மூடுபனியில் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. சாலை படத்தில் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. யானைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி இந்தச் சாலையை ஆராய்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. சாலையோரம் வெட்டிய இடத்தில் முளைக்கும் புல்லும் இளம் செடியும் யானைகளை அருகில் இழுக்கின்றன. அதே சாலை அவற்றின் கடப்பைச் சராசரியாக 80 விழுக்காடு குறைத்துவிடுகிறது. கடப்பதும் பெரும்பாலும் இரவில். ‘கிரிக் காட்டில் யானை’ என்று பெருமையோடு பகிரும் படத்தில் யானை காட்டின் நடுவே இல்லை. சாலை விரித்த பந்தியில் நிற்கிறது. அந்தப் பந்தியின் விலை 2025 மே 11, அன்னையர் தினத்தன்று தெரிந்தது. லாரி மோதி யானைக்கன்று வண்டிக்கடியில் சிக்கிச் செத்தது. தாய் யானை அந்த லாரியின் மேல் தலையைச் சாய்த்தபடி அகல மறுத்து நின்றதை நாடே பார்த்தது. சாலையும் விலங்கும் ஒரே படத்தில் சேர்ந்து வர ஒரு சாவு வேண்டியிருந்தது.

அழகான படங்கள் இல்லாவிட்டால் காட்டைக் காக்க யார் வருவார்கள் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. நியாயம்தான். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் எடுத்த அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குப் படங்கள், 1864-இல் அதிபர் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திடத் துணைநின்றவை எனப் பேசப்படுகின்றன. ஆனால் அந்தப் படங்களுக்குப் பத்தாண்டு முன்புதான் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைப் படை அனுப்பித் துரத்தியிருந்தார்கள். ஆளில்லாத பள்ளத்தாக்கு என்று உலகம் ரசித்தது ஆளை விரட்டிய பள்ளத்தாக்கை. பெலும்-தெமெங்கோரில் ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத படம் அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாற அதிக நாளாகாது. காப்பாற்றும் வேலையை அழகு தொடங்கிவைக்கலாம், முடித்துவைக்காது. கிரிக்-ஜெலி சாலை கிளந்தான் மக்களின் உயிர்நாடி ஆயிற்றே என்றும் சிலர் சொல்வார்கள். மூடச் சொல்லவில்லையே! இருப்பதை இருப்பதாகக் காட்டினால்தான் இரவில் வேகத்தைக் குறைக்கவும், விலங்குகள் அடியில் போகச் சாலையைத் தூக்கிக் கட்டவும் கேட்க முடியும். கிரிக் அருகே அப்படி ஒரு பாலம் ஏற்கெனவே உண்டு. அது பயணப் படங்களில் தென்படுவதே அபூர்வம். இடத்தைச் சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும் என்ற கவலைதான் எளிதில் தள்ள முடியாதது. நாட்டின் 10 வகை இருவாச்சிகளும் வாழும் காட்டில் கூடு இருக்கும் மரத்தை யாரும் அடையாளம் சொல்லக்கூடாது. ஆனால் கூட்டை மறைப்பது வேறு, நெடுஞ்சாலையை மறைப்பது வேறு. வேடனுக்கு நெடுஞ்சாலை புதிய செய்தி இல்லை. படத்தைப் பார்க்கிறவருக்குத்தான் அது செய்தி.

மாற்றாக எப்படி எடுப்பது என்பதற்கு உதாரணம் தேடிக் கிரிக் வரை போக வேண்டாம், தெலுக் பஹாங் போதும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் அங்கே சாலையைக் கடக்கையில் அடிபட்டு வந்தன. 2019-இல், தீயணைப்புக்குப் பயன்பட்ட பழைய குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். குழாய்மேல் குரங்கு, கீழே கார்கள் என்று அங்கே எடுக்கும் படத்தில் காடு, சாலை, அதை உணர்ந்து செய்த ஒரு காரியம் மூன்றும் இருக்கும். அழகு குறைந்துவிட்டதாக யாராவது சொன்னால், அவருடைய ரசனையில்தான் கோளாறு என்பேன்.

பள்ளி விடுமுறையில் கிரிக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஜூனில் 15 மாணவர்கள் பேருந்து விபத்தில் மாண்ட சாலை அது; வளைவில் வண்டியை நிறுத்திப் படமெடுக்காதீர்கள், இரவில் ஓட்டாதீர்கள். ஏரிக்கரையில் எடுக்கும் படங்களில் ஒன்றையாவது நான்கு அடி பின்னால் நகர்ந்து, சாலையும் விழும்படி எடுங்கள். படத்துக்குக் கீழே ‘கிரிக்-ஜெலி நெடுஞ்சாலை’ என்று எழுதுங்கள்.