சக்கரத்தின் மேல் ஒரு வீடு

அடுப்பும் படுக்கையும் உள்ள வேனில் கணவனும் மனைவியுமாகக் கடலோரமாகவே ஊர் சுற்றுவது ஆஸ்திரேலியாவில் சர்வசாதாரணம். இதற்குப் பேர்போன பாதை, விக்டோரியா மாநிலத்தின் கிரேட் ஓஷன் ரோடு. நீளம் சுமார் 240 கிலோமீட்டர். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள், மாண்டுபோன தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை பாடுபட்டுப் போட்ட சாலை அது. மண்வெட்டியும் வெடிமருந்தும்தான் பெரும்பாலும் துணை.

நமக்கென்ன, வண்டியையே வீடாக்கி ஊர் போவது புதுசா? மாசிமகத் தேர் பார்க்கக் கோவைப் பக்கத்துக் காரமடைக்கு வந்த சனம், மாடு பூட்டிய சவாரி வண்டியில் வைக்கோல் பரப்பி, கட்டுச்சோற்று மூட்டையோடுதானே வந்தது! டீசல் செலவும் கிடையாது.

பக்கத்துக் கேரளத்தில் 2021 முதல் இப்படி வண்டியிலேயே தங்கிச் சுற்றும் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசுத் திட்டம் இருக்கிறது.