கேட்கக் கூசும் மாணவர்க்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள் இன்றும் சிலரே. அச்சிலருள் ஒருவர் கண் மங்கியவராகவோ, கால் வலுவிழந்தவராகவோ, காது மந்தமானவராகவோ இருப்பின் அவர் படும் பாடு இரட்டிப்பாகும். லயத்திலிருந்து பஸ் நிற்குமிடம் வரையுள்ள ஒற்றையடிப் பாதையே அவருக்கு முதற் பரீட்சை. அதனைத் தாண்டி விரிவுரை மண்டபத்தை அடைந்த பின்னரோ, தமக்கு வேண்டியதைக் கேட்க வாய் எழாது நிற்கின்றார். எத்துணைப் பாடுபட்டுப் பெற்ற இடம்! அதனை ஒரு சொல் கேட்கக் கூசி இழப்பதோ?

கூச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. "பாவம்" என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை, உதவி வேண்டினால் மீண்டும் அச்சொல்லே வருமென அஞ்சுகிறது. "இடம் கிடைத்ததே பெரிது, பேசாமல் இரு" என்று வீட்டாரும் அடக்கிவிடுகின்றனர். சலுகை என்று இதனைச் சொல்வதே பிழை என்போம் நாம். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதால் வினா எளிதாகிவிடுகிறதா? விடையை எழுத வேண்டியவர் அம்மாணவர்தாமே!

பெலிஹுல்ஓயாவிலே சப்ரகமுவ பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது 1996ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் உடற்குறையுடையோரின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறிற்று. குறைபாட்டைக் காட்டிக் கல்வி நிலைய அனுமதியிற் பாகுபாடு செய்தலாகாது என்பது அதன் விதி. 2016இல் இலங்கை ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உயர்கல்வியிலும் அவரவர்க்குத் தக்க ஏற்பாடுகள் செய்துதர வேண்டுமென்கிறது.

பொதுக் கட்டடங்களிற் சாய்தளம் முதலியன அமைய வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டோடு நின்றுவிடாதபடி வழக்காடியவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992இல் வீதியோர மரமொன்று தம் மோட்டார் வண்டிமீது சாய்ந்ததால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்தவர் அவர். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் பணித்தது. மலைச்சரிவிலுள்ள பழைய மண்டபங்களின் படிகள் ஒரே நாளில் மறைந்துவிடா என்பது மெய்யே. ஆயினும் ஒரு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்கு மேசன்மார் வேண்டியதில்லையே!

கேட்பதை எழுத்திலே கேட்க வேண்டும். அதுவும் முதல் வாரத்திலேயே, வைத்தியச் சான்றிதழோடு பீடாதிபதிக்கு எழுதுதல் நன்று. பரீட்சைக்கு முதல் நாள் எழுதினால் மனமுள்ள அதிகாரியுங்கூடக் கையை விரிப்பார். நோயின் வரலாற்றை விரித்து எழுத வேண்டா. "கரும்பலகையை வாசிக்க இயலாது, குறிப்புகளை முன்கூட்டியே தந்துதவ வேண்டும், பரீட்சையிற் கூடுதல் நேரம் வேண்டும்" என்று வேண்டுவதைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். உயர்தரப் பரீட்சையிலே தாம் சொல்லப் பிறர் எழுத அனுமதி பெற்றவராயின், அந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் இணைத்தல் வேண்டும். முன்னரே வழங்கப்பட்டதை மறுப்பது எளிதன்று.

பதில் வரவேண்டிய முகவரியாக லயத்தைக் குறிப்பிடாது விடுதியைக் குறிப்பிடுக. தோட்டக் காரியாலயம் வழியாகச் சுற்றிவரும் தபால் கைக்குக் கிட்டுமுன் பரீட்சையே முடிந்துவிடக்கூடும்.