பாதத்தில் ஊன்றிய வயலின்

குழந்தைகளே, பல வருடங்களுக்கு முன் காஞ்சிபுரத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், வயலின் நம்ம வாத்தியமா, வெள்ளைக்காரங்க வாத்தியமா?" என்று கேட்டான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அப்புறம் சொல்றேன், உட்காரு" என்று சமாளித்துவிட்டேன். அந்தக் கடனை இன்று உங்களிடம் தீர்க்கிறேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் (1775-1835) குடும்பம், சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. அவர் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். அவர் மூலம் தீட்சிதர் சகோதரர்களுக்கு ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது.

இசை தெரிந்த காது சும்மா இருக்குமா? முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். கிட்டத்தட்ட 40 பாட்டுகள். 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுதான் 'சந்ததம் பாஹிமாம்'. 'சியாமளே மீனாட்சி'யைப் பாடிப் பாருங்கள், எல்.கே.ஜி.யில் பாடிய 'ட்விங்கிள் ட்விங்கிள்' ஞாபகம் வரும்! பின்னாளில் தீட்சிதர் காஞ்சியிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். நம் ஏகாம்பரநாதர் மீதும் ஒரு நோட்டுஸ்வரம் உண்டு: 'காஞ்சீசம் ஏகாம்ரநாயகம்'.

தம்பி பாலுசுவாமி (1786-1859) செய்தது வேறு வேலை. ஓர் ஐரோப்பியரிடம் சுமார் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றார். பிறகு அதில் நம் ராகங்களை வாசித்தார்.

இதில் எது பெரிய காரியம்? காஞ்சிப் பட்டில் 'கோர்வை' என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்வார்கள். புடவை கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது என்பார்கள் எங்கள் தெருவில். (மிருதங்கக்காரர்களும் கோர்வை என்கிறார்கள். அது வேறு கதை.) நோட்டுஸ்வரம் அழகுதான். ஆனால் அதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வழுக்கிப் பாடுவது, கிடையாது. என் கணக்கில் அது வெளியூர்த் துணியில் நம் கரையைத் தைத்தது போல. தையல் தெரியும்.

வயலின் அப்படி இல்லை. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. வயலின் கழுத்தில் ஒன்றும் இல்லை, வழவழ என்று இருக்கும். விரல் எங்கும் வழுக்கலாம், இரண்டு சுரங்களுக்கு நடுவிலும் நிற்கலாம். கமகத்துக்கு வேறென்ன வேண்டும்? நம்மவர்கள் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொண்டார்கள். நின்று வாசிப்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். நுனியை வலது பாதத்தில் ஊன்றினார்கள். இரண்டு கைக்கும் விடுதலை! பிறந்தது இத்தாலியில் என்றாலும், பாதத்தில் ஊன்றிய அந்த வயலின் நம்முடையதுதான்.

அரபு நாட்டினரும் இதையே செய்தார்கள் என்பது தெரியுமா? அவர்களுடைய 'ஊத்' என்னும் தந்தி வாத்தியத்திலும் மெட்டுகள் கிடையாது. வயலின் வந்ததும் அவர்களும் தந்திகளை நம் ச-ப-ச-ப போலவே மாற்றிக்கொண்டார்கள். இன்று துனீசியா நாட்டு அனுவார் பிராஹிம், ஊத் வாத்தியத்தை ஜாஸ் கலைஞர்களின் சாக்ஸபோனோடும் பியானோவோடும் சேர்த்து வாசிக்கிறார்.

நம் பக்கத்திலும் ஜாஸ் கலந்தது. 1970களில் ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேய ஜாஸ் கிதார் கலைஞர், எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றுடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். புதிய உறுப்பினர்களோடு அந்தக் குழு 2024இல் கிராமி விருதும் வாங்கியது. சாதாரண கிதாரில் கமகம் சரியாக வரவில்லை. மெக்லாலின் என்ன செய்தார் தெரியுமா? மெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகக் குடைந்து ஒரு புது கிதார் செய்யச் சொன்னார், தந்தியை அழுத்தி இழுத்து வீணை போல் அசைப்பதற்காக!