உங்களுக்குத் தெரியுமா? கதிரின் பெயர் தாங்கிய கழகம்

உக்ரைன் தேசத்தின் தலைநகராகிய கீவுக்குத் தெற்கே, 2,000 பேர்கூட வசியாத கோவலிவ்கா என்னும் கிராமத்திலே, 2012-ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு கால்பந்துக் கழகம், ஏழே வருஷங்களில் அந்நாட்டின் பிரதான வரிசையாகிய பிரீமியர் லீகை எட்டிப்பிடித்த விருத்தாந்தம் அதிசயமானது. அதன் பெயர் ‘கொலோஸ்’. தானியக் கதிர் என்பது பொருள். கோதுமை வயல்கள் சூழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நாமம் கிடைத்திருக்குமோ?

ஆரம்பத்தில் வட்டாரப் பந்தயங்களில் மட்டுமே ஆடிவந்த இக்கழகம், 2015-இல் தொழில்முறை லீகில் பிரவேசித்து, ருஸ்லான் கொஸ்திஷின் என்னும் பயிற்சியாளரின் கீழ்ப் படிப்படியாக உயர்ந்து, 2019-இல், உக்ரைனின் முதல் தேசியக் கோப்பையை வென்ற பெருமைக்குரிய ஒடேசா நகரத்துச் சோர்னோமோரெட்ஸ் கழகத்தைத் தகுதிப் பந்தயத்தில் வீழ்த்தி மேல்வரிசையை அடைந்தது. மறு வருஷமே ஐரோப்பிய அரங்கு! 2020 செப்டம்பரில், கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரிலே, ஆரிஸ் என்னும் பழம்பெருங் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்ற கணக்கில் வென்றது. அடுத்த சுற்றில், குரோஷியாவின் ரியெகா கழகத்திடம், மேலதிக நேரம்வரை கோல் கொடாமல் போராடியே தோற்றது.

கிராமத்து மைதானத்தில் ஏறக்குறைய 5,000 பேர் அமரலாம். ஊர் முழுவதும் திரண்டு வந்தாலும் பாதி ஆசனங்கள் நிரம்பா.