மருந்தோடு மருந்து சேர்ந்தால்...

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள் நம் முன்னோர். அளவு மிஞ்சாமலேயே மருந்து தீங்கு செய்யுமா? செய்யும் என்பதை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்தியது.

ஒரகடத்தில் வசிக்கும் அவளுடைய தாத்தா பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சிறுநீர் சரியாக இறங்கவில்லை என்று வேறொரு மருத்துவரிடம் சென்றவர், பழைய மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. புது மாத்திரையை இரவு சாப்பிட்டுப் படுத்தார். விடியற்காலையில் எழுந்து நின்றதும் கண் இருண்டு விழுந்தார். நெற்றியில் நான்கு தையல்!

காரணம் என்ன? நல்ல உடல்நிலையில் இரத்த அழுத்தம் ஏறக்குறைய 120/80 இருக்கும். 90/60க்குக் கீழே போனால் அது தாழ்ந்த அழுத்தம். தாத்தாவின் இரண்டு மாத்திரைகளுமே இரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை. இரண்டும் சேர்ந்ததால், எழுந்து நின்றதும் இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிட்டது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும், தூக்க மாத்திரையும், மதுவும் இவ்வாறே அழுத்தத்தை இறக்கக்கூடியவை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் வேர்த்து உழைத்தாலும் இந்த அபாயம் உண்டு.

இன்னொரு வழியும் உண்டு. சில மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற நம் உடலில் ஒரு நொதி இருக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை அதைத் தடுக்கும். அப்போது அம்லோடிபின் போன்ற இரத்தக் கொதிப்பு மருந்து உடலில் மிகுந்துவிடும். பழமும் இதைச் செய்யும்! 1989இல் கனடாவில் ஓர் ஆராய்ச்சியின்போது மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் பழச்சாறு கொடுத்தார்கள். ஃபெலோடிபின் மருந்தின் அளவு இரத்தத்தில் வெகுவாக உயர்ந்தது. நம் ஊர்ப் பம்ப்ளிமாஸ் அந்தப் பழத்தின் உறவுதான்.

மூலிகைதானே என்றும் அலட்சியம் கூடாது. சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் உலகுக்கு எழுதிக் காட்டினார். அழுத்தத்தை இறக்கும் வேர், மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் இறக்காதா?

ஆகவே தோழியரே, மாத்திரையை நாமாக நிறுத்தவும் வேண்டாம். நாமாகச் சேர்க்கவும் வேண்டாம். தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, மருத்துவரை நாட வேண்டும். தாத்தா இப்போது நலம். அவர் சாப்பிடும் மருந்துகளையெல்லாம் எங்கள் தோழி ஒரு தாளில் எழ்தி அவர் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள். நாங்களும் எங்கள் வீடுகளில் அப்படியே எழுதிவிட்டோம். நீங்கள்?